சுற்றம்: ஏழு பேர்

இரண்டு கிழமைக்கு முன் என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் எங்கள் வேலையில் இப்போது காகிதம் இல்லையாம். கையில் ஒரு தட்டுக் கணினி கொடுத்திருக்கிறார்கள். குளிப்பாட்டியாயிற்று, உடுப்பு மாற்றியாயிற்று, வலி இத்தனை என்று கட்டங்களைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அக்கா, குறிப்பு எழுதிற இடத்தையே எடுத்துப்போட்டாங்கள். நீங்கள் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதுவியள் எண்டு இஞ்சை இப்பவும் சொல்லிச் சிரிக்கிறவை. அப்பிடி என்னத்தைத்தான் எழுதினனீங்கள்?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஏதோ பதில் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு அது சரியான பதில் இல்லை என்று தெரிந்தது. மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்களிடந்தான் நான் அதிகம் போனவள். அவர்களில் ஒருத்தியைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி பிழையாகப் போனது. அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதை எல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் விளங்கப்படுத்த முடியும்.

நான் மொன்றியலில் பதினெட்டு வருஷம் வீட்டுப் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். போன மாரியோடு முழங்கால்கள் இரண்டும் மறுத்துவிட்டன. இந்த நகரத்தில் வீடுகளின் படிகள் வெளியே இருக்கும். பனி உறைந்த இரும்புப் படிகளில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு ஏறி இறங்கினால் முழங்கால் வேறு என்ன செய்யும். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. கையில் மிஞ்சியவை இருபத்தொரு நாட்குறிப்புக் கொப்பிகள். போன நேரம், வந்த நேரம், எந்தப் பேருந்து, எத்தனை படி, என்ன பார்த்தேன் என்று ஒவ்வொரு மாலையும் எழுதியவை. அவற்றில் நோயாளிகளின் பெயர் இல்லை. இதிலும் பெயர்கள் மாற்றியவையே.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பது மாதம், எல்லாம் பிரெஞ்சில். ஒரு பிளாஸ்ரிக் பொம்மையைக் கட்டிலில் கிடத்தித் துடைக்கப் பழக்கினார்கள். பொம்மைக்கு நோவும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்தப் படிப்பின் குறை அதுதான்.

உண்மையான வேலையை மதாம் ஒடெட்டிடம்தான் படித்தேன். அவர் எங்கள் சுகாதார நிலையத்தின் தலைமைத் தாதி. எங்கள் அறிக்கைகளை வாசித்து, எந்த வீட்டுக்கு எத்தனை தடவை போவது என்று தீர்மானிப்பவர். மெலிந்த, நெட்டையான கியூபெக் பெண். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வாசிக்கும்போது கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றை வரியின் கீழ் வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டு வருவார். அடிமட்டம் ஓரிடத்தில் நின்றால் அந்த வரியில் பிழை இருக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

என் முதல் அறிக்கையில், "குளிப்பாட்டினேன், எல்லாம் நல்லம்" என்று எழுதியிருந்தேன். அடிமட்டம் நின்றது.

"மதாம் ஜெயா, இந்த 'நல்லம்' நோயாளியைப் பற்றியா, உங்கள் பேருந்துப் பயணத்தைப் பற்றியா?"

அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கள் கண்டதை எழுதுங்கள். அவர் சொன்னதை மேற்கோளுக்குள் போடுங்கள். நீங்கள் நினைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

அன்று மாலைதான் வீட்டுக்குப் போகும் வழியில் முதலாவது கொப்பியை வாங்கினேன்.

சத்திரசிகிச்சை முடிந்து வந்த பெண்ணைக் குளிப்பாட்டுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. குளியலறையை முதலில் சூடாக்க வேண்டும். துவாய் இரண்டு, ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த. சட்டையைக் கழற்றும்போது நல்ல கை முதலில், நோயுள்ள கை பிறகு. போடும்போது நோயுள்ள கை முதலில். அக்குளுக்குக் கீழே தோலுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் வரும். அதன் நுனியில் கையால் நசுக்கிய பந்து போல ஒரு சிறு குப்பி. உள்ளே ஊறும் நீர் அதில் சேரும். அதை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை மேசையில் வைத்து, நாங்கள் குனிந்து கண்மட்டத்தில் வாசிக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்து வாசித்தால் ஐந்து மில்லி பிழைக்கும். அளவையும் நிறத்தையும் எழுத வேண்டும். பந்தைத் திரும்ப நசுக்கி மூட வேண்டும்.

ஒழுங்கில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். சட்டையைக் கழற்ற முன், "கண்ணாடியை மூடி விடவோ?" என்று கேட்பேன். சிலர் ஓம் என்பார்கள். பதில் சொல்லாதவர்களுக்காகக் கண்ணாடிக்குப் பக்கத்துக் கொளுக்கியில் ஒரு துவாயைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே ஒரு நிமிடம் நிற்பேன். திரும்பி வரும்போது துவாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. நோயாளிக்கு உதவியாக யார் இருக்கிறார்கள் என்பது. பிரெஞ்சில் அதற்கு உள்ள சொல்லின் நேர்ப்பொருள் சுற்றி இருப்பவர்கள். எங்கள் சுற்றம் என்ற சொல்லும் அதுதானே! இரண்டு பாஷையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதே என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கட்டத்தில் எழுதுவதைப் பொறுத்துத்தான் எங்கள் வருகையின் எண்ணிக்கை அமையும். செயின்ட் லோறனில் எழுபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர். பூனை ஒன்றைத் தவிர அவருக்கு ஒருவரும் இல்லை. "தனியாக" என்று எழுதினேன். கிழமைக்கு மூன்று தடவை, இரண்டு மாதம் போனேன். கையைச் சுவரில் ஏற்றும் பயிற்சி, குளிப்பு, சூப், ஒன்றும் தவறவில்லை. "தனியாக" என்பது எவ்வளவு அதிர்ஷ்டமான சொல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலையில் சேர்ந்து ஏழாவது வருஷம், மாசி மாதத்தில் ஸ்ரெல்லாவின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கார்ட்டியர்வில்லில் இரண்டாம் மாடி. வெளியே பத்தொன்பது படி. ஸ்ரெல்லாவுக்கு நாற்பத்தேழு வயது. மன்னார்ப் பக்கம். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் இடத்தில் வேலை. வலது மார்பை எடுத்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றத் தேவையில்லை, விழுங்கும் குளிசையும் கதிர்ச் சிகிச்சையும் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நல்ல கலகலப்பான வீடு. ஸ்ரெல்லா, அவர் கணவர் அன்ரன், வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், அன்ரனின் தங்கை லீலா, லீலாவின் கணவர், அவர்களுடைய சின்னப் பெண்குழந்தை. மேசையில் யாரோ கோயில் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிகள் மூன்று இருந்தன. நான் இருந்த ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி நான்கு தடவை அடித்தது.

படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "வீட்டிலை உதவிக்கு ஆர் இருக்கினம்?"

ஸ்ரெல்லா சிரித்தார். "ஏன் அக்கா அப்பிடிக் கேக்கிறியள்? எல்லாரும் இருக்கினம். வீடு முட்ட ஆக்கள்."

குசினிக்குள் இருந்து லீலா குரல் கொடுத்தார். "ஆக்களுக்கு இஞ்சை என்ன குறை? காலமை குளிக்கிறதுக்குத்தான் வரிசையிலை நிக்கோணும்!"

எல்லோரும் சிரித்தோம். நான் எழுதினேன்: "சுற்றம்: ஏழு பேர். கோயில் ஆட்களும் வருகிறார்கள். நன்றாகச் சூழப்பட்டிருக்கிறார்."

நோயாளியையும் சேர்த்து எண்ணிவிட்டேன் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை.

'நன்றாக' என்ற சொல்லில் அடிமட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏழு என்பது எண். மதாம் ஒடெட்டுக்கு எண்களில் நம்பிக்கை. குழாய் கழற்றும் வரை நான் போவது, பிறகு காயத்தைப் பார்க்கத் தாதி ஒரு தடவை, அத்தோடு கோப்பை மூடுவது என்று தீர்மானித்தார். நான் ஐந்து தடவை போனேன். கடைசி நாள், கைப்பயிற்சிக்கான படத்தாளைக் கொடுத்தேன். சுவரின் முன் நின்று, விரல்களை நண்டு நடக்கிற மாதிரி மேலே மேலே ஏற்றும் பயிற்சி. ஒரு நாளைக்கு மூன்று தரம். லீலா அதை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினார். "நான் பாத்துக்கொள்ளுவன் அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். அதையும் மேற்கோளுக்குள் எழுதினேன்.

இருபத்து மூன்று நாள் கழித்து மதாம் ஒடெட் என்னைக் கூப்பிட்டார். மேசையில் வைத்தியசாலையிலிருந்து வந்த கடிதம் இருந்தது. கதிர்ச் சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அசையாமல் படுத்திருக்க வேண்டும். அப்படிப் படுக்கவைத்து அளவெடுக்கும் நாள் இன்னும் பன்னிரண்டு நாளில். ஆனால் ஸ்ரெல்லாவின் வலது கை தோள்மட்டத்துக்கே வரவில்லை. கை ஏறாவிட்டால் கதிர் இல்லை.

மதாம் ஒடெட் என் பழைய அறிக்கையை விரித்து அடிமட்டத்தை வைத்தார்.

"ஏழு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"இவர்களில் யார் எதைச் செய்கிறார் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

எங்கும் இல்லை.

"நீங்கள் தலைகளை எண்ணியிருக்கிறீர்கள், மதாம் ஜெயா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். பிறகு, "கீழே கையெழுத்து என்னுடையது. தவறில் பாதி எனக்கு" என்றார். "ஆறு வருகை தருகிறேன். ஏழாவது கிடையாது. வேறு வீடுகள் காத்திருக்கின்றன."

அன்று பின்னேரமே போனேன். பத்தொன்பது படி. உள்ளே முன் அறையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். செபமாலை சொல்லி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் ஸ்ரெல்லா. இடது கையால் கேத்திலைத் தூக்கி, வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்தபடி. வீட்டுக்குள்ளே தலையில் துணி கட்டியிருந்தார்.

"வீட்டிலை இருந்து இருந்து நல்ல நிறம் வைச்சிட்டாய் ஸ்ரெல்லா" என்றார் ஒருவர்.

"ஒண்டுக்கும் யோசியாதை. எங்கட அத்தானின்ரை தங்கச்சிக்கும் இதேதான். இதே வலப்பக்கம்" என்றார் இன்னொருவர்.

"அவ இப்ப எப்பிடி இருக்கிறா?"

"அவ செத்துப்போனா. அது வேறை."

"உங்கட வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்" என்று மூன்றாமவர் அவருடைய துடையில் அடித்தார். ஸ்ரெல்லாவும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை நிரப்பினார்.

நான் காயம் பார்க்க வேண்டும் என்றேன். "நாங்களும் பொம்பிளையள்தானே, இருந்தால் என்ன?" என்றார் அத்தானின் தங்கையைப் பற்றிச் சொன்னவர்.

"பேந்து வாங்கோ அன்ரி" என்றார் ஸ்ரெல்லா. ஆளுக்கொரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷிகள். பனிக்குள் இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள். அதையும் எழுத வேண்டும்.

குளியலறைக் கதவைச் சாத்திய பிறகு ஸ்ரெல்லா தலைத்துணியை எடுத்தார். பின்தலையில் மயிர் எல்லாம் திரண்டு ஒரே முடிச்சாக, தேங்காய்த் தும்பு போல இறுகிக் கிடந்தது. வலது கை ஏறாது. இடது கையால் முன்பக்கத்தை மட்டும் வாரிக்கொண்டு மிச்சத்தைத் துணியால் மூடியிருக்கிறார்.

"தலை ஆர் இழுத்து விடுறது?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். திரும்பத் திறந்தார்.

"லீலாட்டைக் கேக்கலாம்தான். அவ விடிய அஞ்சரைக்கு புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போறா. வந்தாப் பிறகு பிள்ளை பாக்கிற கார்டெரியிலை குழந்தையை எடுக்கோணும், சமைக்கோணும். களைச்சுப்போய் வாற அவவிட்டை என்ரை தலையை நீட்டிறதே?"

"பயிற்சி செய்தனீங்களோ?"

"எங்கை அக்கா செய்யிறது? வெறுஞ்சுவர் அறையளுக்கு நடுவிலை நடைவழியிலைதான் இருக்கு. பொடியங்கள் போய் வாற இடம். அவங்களுக்கு முன்னாலை நிண்டு சுவரைப் பிறாண்டவோ?"

"அன்ரன்?"

"அவர் சோபாவிலை படுக்கிறார். நித்திரையிலை கை பட்டிடுமாம்."

"காயத்தைப் பாத்தவரோ?"

"நான் காட்டேல்லை."

"கேக்கேல்லையோ?"

"'என்னப்பா, சுகமோ' எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பார். 'சுகம்' எண்டு சொல்லுவன்." குழாயை மூடிவிட்டு, "அந்த மனிசனும் வேறை எப்பிடிக் கேக்கிறது?" என்றார்.

அன்று இருவருமாக நடைவழிச் சுவரில் கையை ஏற்றினோம். விரல் நின்ற இடத்தில் காகித நாடா ஒட்டித் திகதி எழுதினேன். நிலத்திலிருந்து நூற்றுப் பத்தொன்பது சென்ரிமீற்றர். விளக்குச் சுவிட்சின் உயரம்.

ஆறு வருகையால் ஒரு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோக முடியாது என்று எனக்குத் தெரியும். நான் போகாத நேரங்களில் அந்தச் சுவரடியில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அடுத்த நாள் லீலா வேலையால் வரும் நேரத்துக்குப் போனேன். லீலா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை; குழந்தையை இடுப்பில் வைத்தபடி அழுதுவிட்டார்.

"அண்ணை செய்யிறார் எண்டு நினைச்சன் அக்கா. அவையின்ரை அறைக்குள்ளை நான் எப்பிடிப் போய் விசாரிக்கிறது? மச்சாளும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நீங்கள் வேறை வந்து போறியள் எண்டு நினைச்சன்."

"நான் லீலா இருக்கிறா எண்டு நினைச்சன்" என்றேன். எங்கள் காகிதம் அந்த வீட்டில் சாய்ந்திருந்தது. அந்த வீடு எங்கள் காகிதத்தில் சாய்ந்திருந்தது. நடுவில் ஒருத்தி இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

லீலா பின்னேரங்களில் நிற்பதாகச் சொன்னார். சொன்னபடி நின்றார். ஆனால் லீலாவின் கணவரும் பொடியன்களும் பகலில் வெளியே போய்விடுவார்கள்; காலையிலும் மதியத்திலும் வீட்டில் விழித்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். அன்ரனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் இரவு வேலை. காலை ஏழே முக்காலுக்கு வீடு வருவார்.

மூன்றாவது வருகையை எட்டு மணிக்கு மாற்றி எடுத்தேன். நான் போனபோது அவர் வாசலில் கனத்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தோள் அகன்ற, பேச்சுக் குறைந்த மனிதர். என்னைக் கண்டதும் வழி விட்டு ஒதுங்கினார்.

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ அக்கா, நான் அங்காலை போறன்."

"தம்பி, நில்லுங்கோ. இண்டைக்கு உங்களிட்டைத்தான் வந்தனான்."

அவர் ஸ்ரெல்லாவைப் பார்த்தார். ஸ்ரெல்லா குசினிக் கதிரையில் தலைத்துணியோடு இருந்தார். இருவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் முழித்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கலியாணம் கட்டினவர்கள்.

"தலை சிக்குப்பட்டுப் போச்சு" என்றார் ஸ்ரெல்லா கடைசியில், மேசையைப் பார்த்தபடி. "இழுத்து விடுறியளோ?"

"நானோ?"

"வேறை ஆர், கோயில் பாதரைக் கூப்பிடவோ?"

அவர் சிரிக்கவில்லை. போய்க் கையைக் கழுவினார். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவியதைப் பார்த்தேன்; கை கழுவும் படத்தை வைத்தியசாலைச் சுவரில் எங்கேயோ பார்த்திருப்பார் போல. நான் எண்ணெயையும் பல் அகன்ற சீப்பையும் கொடுத்தேன். துணியை அவிழ்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

"இதென்னப்பா... எத்தினை நாளாய்?"

"நீங்கள் கேக்கேல்லை."

"ஒவ்வொரு நாளும் கேட்டனான்தானே!"

"சுகமோ எண்டு கேட்டனீங்கள்."

அவர் சீப்பைக் கையில் எடுத்தார். முடிச்சின் நுனியில் எண்ணெய் தேய்த்து, கீழிருந்து மேலே, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாகப் பிரிக்கக் காட்டினேன். பெட்டி தூக்கிக் காய்த்த விரல்கள். மயிர் அவற்றில் சொரசொரவென்று மாட்டியது. இரண்டு தரம் விட்டுவிட்டார். "எனக்கு ஏலாது அக்கா. இவவுக்கு நோகப்போகுது."

ஸ்ரெல்லா திரும்பாமலே கேட்டார். "நோகுது எண்டு சொன்னால் நிப்பாட்டுவியளோ?"

"ஓம்."

"அப்ப இழுங்கோ."

ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் பிடித்தது. எனக்கு அனுமதித்த நேரம் நாற்பத்தைந்து நிமிடம். நடுவில் ஒரு தடவை ஸ்ரெல்லா, "நோகுது" என்றார். அவர் உடனே நிறுத்தினார். ஸ்ரெல்லா மூச்சு விட்டுக்கொண்டார். பிறகு தொடங்கினார்கள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தபோது சட்டையின் கழுத்து எல்லாம் எண்ணெய். மாற்ற வேண்டும் என்றேன். நான் எழும்பவில்லை. நான் சொல்லாமலே அவர் நல்ல கையை முதலில் எடுத்தார். சட்டை இறங்கியது. ஸ்ரெல்லா மூடவில்லை. நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் காரில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று கண்டெழுத முடியாது, நான் காணவில்லை. அன்ரனின் குரலை மட்டும் கேட்டேன்: "தையல் நேராய்த்தான் போட்டிருக்கிறாங்கள்."

அதைச் சொல்ல வேறு ஆளில்லை என்று எனக்குத் தோன்றியது. நினைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இதோடு எல்லாம் சரியாயிற்று என்று எழுத எனக்கும் விருப்பம்தான். நான்காவது வருகையில் நாடா நூற்று முப்பத்தொன்று. ஐந்தாவதில் நூற்று நாற்பது. அன்ரன் இரவு வேலையால் வந்து, தூங்கப் போக முன் சுவரடியில் நின்றார். மதியம் எழும்பித் திரும்ப நின்றார். பின்னேரம் லீலா. சுவரின் பக்கம் போக வெட்கப்பட்ட ஸ்ரெல்லா, நடைவழியால் போகிற வருகிறவர்களிடம், "தள்ளி நில்லுங்கோ, நண்டு ஏறுது" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். ஆறாவது வருகையில் நூற்று ஐம்பத்தொன்று. போதாது. வைத்தியசாலையில் கிடத்திப் பார்த்துவிட்டு, கை இன்னும் ஏற வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அளவெடுக்கும் நாளை இரண்டு கிழமை தள்ளிப் போட்டார்கள். அந்த இரண்டு கிழமை என் ஒரு வரியின் விலை.

ஏழாவது வருகை கேட்டுப் போனேன். மதாம் ஒடெட் என் அறிக்கைகள் ஆறையும் அடிமட்டம் வைத்து வாசித்தார். யார், எத்தனை மணிக்கு, எத்தனை தரம், எத்தனை சென்ரிமீற்றர் என்று எல்லாம் எழுதியிருந்தேன்.

"இப்போது அந்த வீட்டில் யார் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிகிறது" என்றார். "ஆகவே நீங்கள் தேவையில்லை."

வாதாட நான் பழகியவள் இல்லை. கோப்பு மூடப்பட்டது. மூடிய கோப்பின் வீட்டுக்கு நாங்கள் போகக்கூடாது, தொலைபேசி எடுக்கக்கூடாது. நான் போகவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்தப் பகுதியில் வேறு ஒரு வீடு கிடைத்தது. பேருந்து அவர்களின் தெருமுனையைக் கடக்கும்போது மேல்மாடியைப் பார்ப்பேன். திரைச்சீலை மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மதாம் ஒடெட் சொன்னது சரிதான். எனக்கு அதனால் கவலை குறையவில்லை.

அதற்குப் பிறகு படிவத்தில் உள்ள கேள்வியை நான் அப்படியே கேட்பதை விட்டுவிட்டேன். எங்கள் பெண்களிடம், உதவிக்கு ஆர் இருக்கினம் என்று கேட்டால், ஆட்கள் இருக்கினம் என்றுதான் வரும். அது பொய் இல்லை. ஒருத்தரும் இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு அவமானம், அவ்வளவுதான். ஆகையால் இன்றைக்குத் தலை ஆர் இழுத்தது, முதுகு ஆர் தேய்த்தது, நேற்றைக்குத் தேத்தண்ணி ஆர் வைத்துத் தந்தது என்று கேட்டேன். பேர் வந்தால் பேரை எழுதினேன். பேர் வரத் தாமதித்தால், தாமதித்தார் என்று எழுதினேன். ஒரு பக்கம் பிடித்தது அதனால்தான். கட்டத்தைத் தொட்டு அதைச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது வேலை செய்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரெல்லாவை ஆவணி மாதத்தில் கண்டேன். வேறு ஒரு நோயாளியோடு வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். இரத்தம் எடுக்கும் இடத்துக்கு முன்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் விரலடி முதல் தோள் வரை இறுக்கமான உறை. கை வீங்கத் தொடங்கியிருந்தது. சாப்பாடு அடைக்கும் வேலைக்கு இனிப் போக ஏலாதாம்.

"கதிர் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது அக்கா. முதல் நாள் மட்டும் நல்லாய்ப் பயந்திட்டன். கையைத் தூக்கி வைச்சுக் கிடத்திப்போட்டு, எல்லாரும் வெளியாலை போய்க் கதவைச் சாத்திப்போட்டினம். அவரையும் விடேல்லை. அந்தப் பெரிய அறைக்குள்ளை ஒருத்தரும் இல்லை, மிசின்தான். கை கீழை விழுந்திடுமோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன்."

"விழேல்லையோ?"

"விழேல்லை. நிண்டுது."

வீட்டு நிலைமையைக் கேட்டேன். லீலா ஆட்கள் வேறு வீடு பார்க்கிறார்களாம். செபமாலைக்கு வரும் அந்த அன்ரி இப்போதும் புதன்கிழமைகளில் வருகிறாவாம். தேத்தண்ணியை அவவே வைக்கட்டும் என்று குசினியைக் காட்டிவிட்டாராம். "தலை?" என்றேன்.

"கிழமை நாளிலை நானே இழுப்பன். கை போகுது, ஆனால் பின்பக்கம் நோகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகேக்கை அவர் விடமாட்டார், தான்தான் இழுக்கோணுமாம். இண்டைக்கும் லீவு எடுத்து வந்தவர், அதாலை இது அவரின்ரை வேலைதான்." குனிந்து உச்சியைக் காட்டினார். "பாருங்கோவன், கோயில் முழுக்கச் சிரிக்குது."

நெற்றியிலிருந்து நேராகத் தொடங்கிய உச்சி வகிடு பாதியில் இடது பக்கம் வளைந்து, பிறகு யோசித்துவிட்டு நடுவுக்கு வந்திருந்தது. என் கைப்பையில் சீப்பு இருந்தது. கோணலாக எதைக் கண்டாலும் கை தானாகப் போகிற ஆள் நான். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பிக் கதவுக்குள் போகும் வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். சீப்பை வெளியே எடுக்கவில்லை.